டீசலண்ணனின் மூன்று நிறப் புகை

நியூ ஜெர்சியில் எத்தனையோ வகைத் தமிழர்கள் இருந்தார்கள். டாக்டர்கள் இருந்தார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் இருந்தார்கள், இட்லி மாவு அரைத்து விற்றே வீடு வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு காரின் பின்பக்கத்தைப் பார்த்தே வாழ்க்கையை ஓட்டிய தமிழர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் டீசலண்ணன்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. தபால் பெட்டியின் மேல் ஒட்டியும் இருந்தது. யார் படித்தார்கள்? எடிசன் ஊரில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு வழி கேட்டால், "டீசலண்ணன் வண்டி நிக்கும், அதுக்கு எதிர் பில்டிங்" என்றுதான் சொல்வார்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசனை பிடித்து வந்துவிடலாம்.

நான் அங்கே குடிபோனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரியில். திருச்சி வெயிலில் வளர்ந்த உடம்பையும் மலைக்கோட்டைப் பக்கம் வாங்கிய ஸ்வெட்டரையும் நம்பி வந்தவன். மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால் பார்க்கிங் லாட்டையே காணோம். வெள்ளை வெளேரென்று புகை. பனிமூட்டம் என்று நினைக்கலாம், ஆனால் பனிமூட்டம் நாறாது. கட்டடம் பற்றிக்கொண்டது என்று முடிவுகட்டி, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு லுங்கியோடு கீழே ஓடினேன். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் உயிரைவிட விசா பெரிது.

புகைக்குள்ளிருந்து மங்கி குல்லாய் போட்ட உருவம் ஒன்று வந்தது. கையில் ஒரு ஸ்பானர்.

"பதறாதீங்க தம்பி. இது வெள்ளப் புகைதானுங்க."

"வெள்ளையா இருந்தா தீ இல்லையா சார்?"

"எஞ்சின் குளுந்து கெடக்குதுங்க. டீசல் எரியாம அப்படியே ஆவியா வருது. சூடானா சரியாப் போயிரும். கருப்பா வந்தாத்தான் யோசிக்கோணும், டீசல் ஜாஸ்தி, காத்து கம்மின்னு அர்த்தம். நீலமா வந்தா..." என்று நிறுத்தி வானத்தைப் பார்த்தார். "நீலமா வந்தா ஆயில் எரியுதுங்க. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பிரோணும்."

இதற்குள் யாரோ புண்ணியவான் போன் பண்ணி, தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்து நின்றது. அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. அதுவும் டீசல் வண்டி என்பதால் அவருக்குச் சொந்தக்காரர் வந்த மாதிரி சந்தோஷம். பின்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, ஆறடி உயர ஆபீசரிடம், "உங்களுடையதும் கொஞ்சம் கருப்பாகத்தான் வருகிறது" என்று இங்கிலீஷில் துக்கம் விசாரித்தார். அந்த மனுஷன் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல், அக்கா கொண்டுவந்து கொடுத்த காபியை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அக்கா என்றால் டீசலண்ணனின் மனைவி. கோயம்புத்தூரிலிருந்து இவரைக் கட்டிக்கொண்டு வந்தவர், இங்கே ஒரு பாங்கில் வேலை. அண்ணன் மருந்து கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். கௌரவமான உத்தியோகம், நல்ல சம்பளம். ஆசைப்பட்டால் புது வண்டியே வாங்கலாம். ஆனால் அவர் வைத்திருந்ததோ ஏறக்குறைய இருபது வயதான ஜெர்மன் டீசல் கார். ஏன் அண்ணா இந்தக் கொடுமை என்று ஒருமுறை கேட்டேன்.

"பெட்ரோல் வண்டி அமுக்கமா இருந்து கழுத்தறுக்கும் தம்பி. டீசல் வண்டி அப்படியில்லீங்க. என்ன நோவுன்னு பொகையாச் சொல்லிரும்."

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். என் மானேஜரை ஒரு பார்ட்டியில் பார்த்துவிட்டு, "கருப்புப் பொக. தின்னறதுக்குத் தகுந்த மூச்சு இல்ல" என்றார். என் ரூம்மேட், காலையில் எழுந்து பத்து மணிவரை பித்துப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். அவன் வெள்ளைப் புகை. நான் எந்தப் புகை அண்ணா என்று கேட்டதற்கு, "நீங்க இன்னும் ஸ்டார்ட்டே ஆகல" என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகாத பையனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

குளிர்காலத்தில் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று கீழே இறங்கி, வண்டியின் மூக்குக்குள் போகும். எஞ்சினுக்கு ஹீட்டர். அது ஓடும் நேரத்தில் மிக்சி போட்டால் வீட்டில் கரண்ட் போய்விடும். "வண்டிக்கு ஒத்தடம், எங்களுக்கு நேத்தைய சட்னி. நான் என்ன பாவம் பண்ணினேனுங்க?" என்று அக்கா என்னிடம் நியாயம் கேட்பார். நான் நேற்றைய சட்னியைத் தொட்டுக்கொண்டு நாலு தோசை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பேன். எந்தப் பக்கம் பேச முடியும்?

அந்தத் தோசைக்கான வேலையை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வாங்கிவிடுவார். அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாமானைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாதாம். ஓட்டுகிறவர் தன் வண்டியின் புகையைத் தானே பார்க்க முடியாது. பின்னால் ஒருவன் வரவேண்டும். அந்த ஒருவன் நான். என் ஜப்பான் காரில் ஜன்னலை இறக்கிவிட்டு, அவர் மேடு ஏறும்போதெல்லாம் நெருங்கிப் போய் நிறம் பார்க்க வேண்டும். ஊரில் அம்மா, பையன் அமெரிக்காவில் சுத்தமான காற்று வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிக்னலில் நிற்கும்போது இறங்கி ஓடி வருவார். "தம்பி, கருப்பா, சாம்பலா?"

"அண்ணா, எனக்குக் கண்ணே தெரியல!"

"அப்பக் கருப்புதான்" என்று திருப்தியாகத் திரும்பிப் போவார்.

இதிலெல்லாம் சிரிக்காத ஆள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். அண்ணனின் ஒரே மகள் நிலா. இங்கேயே பிறந்தவள். நாம் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் இரண்டு வார்த்தைக்கு மேல் போகாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வாளாம். அதற்கும் பிறகு, பின்சீட்டில் ஏறிக் குனிந்தபடியே போய்வர ஆரம்பித்தாள். செருப்பு வாரைச் சரிசெய்கிறாள் போல என்று அண்ணன் நினைத்திருக்கிறார். தினமுமா வார் அவிழும்?

ஒரு ஏப்ரல் மாதம், பானெட்டுக்குள் தலையை விட்டபடியே என்னிடம் சொன்னார்.

"புள்ள குனிஞ்சுட்டே வருதுங்க தம்பி. கண்ணாடில பாத்துட்டேன்."

 நான் அவர் கேட்காமலே ஒரு ஸ்பானரை எடுத்து நீட்டினேன்.

"ஆகஸ்ட்ல காலேஜுக்குப் போயிருவா. பென்சில்வேனியா. நாலு மணி நேர ட்ரைவ். இந்த வண்டிலதான் கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன், 'நோ வே'ங்கறா. ஃப்ரெண்டோட அப்பா வண்டில போய்க்கறாளாமா."

"சரி, உங்க வீட்ல இன்னொரு நல்ல வண்டி இருக்கேண்ணா. அக்காவோடது. அதுல போங்களேன்."

"அதுல போனா அவங்கம்மாதான் ஓட்டுவா. அம்மாளும் மகளும் பேசிட்டுப் போவாங்க. நான் பின்னாடி உக்காந்து தூங்கோணும்." வெளியே தலையை எடுத்தார். முகமெல்லாம் கரி. "எனக்கு அந்த நாலு மணி நேரம் வேணுமுங்க தம்பி. அவகிட்டப் பேசறதுக்குக் கொஞ்சம் வெச்சிருக்கறேன். வீட்ல அவ ரூம் கதவு எப்பவும் சாத்தியே கெடக்குது. கார்ல எங்க போவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியில் அக்கா பஞ்சாயத்துப் பண்ணி ஒரு உடன்பாடு வந்தது. வண்டியிலிருந்து புகை வராது என்றால் நிலா வருவாள். வந்தால் வரமாட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்தக் கோடை முழுக்க அண்ணன் தவம் இருந்தார். காற்று ஃபில்டர் மாற்றினார், பின்னால் போய்ப் பார்த்தேன், கருப்பு. வால்வு இடைவெளியைச் சரி பண்ணினார், பார்த்தேன், கருப்பு. பிறகு எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனார். அங்கே ஒரு கருவியில் மாட்டிப் பீச்சிக் காட்டினார்கள். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி பொடிப்பொடியாகத் தெளிக்க வேண்டிய டீசல், அடைத்த குழாய் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "கெடச்சிருச்சு தம்பி! சொட்டுதுங்க! சொட்டுது!" குழந்தை பிறந்த மாதிரி ஒரு முகம்.

இன்ஜெக்டர் மூக்குகளைப் புதிதாகப் போட்டு, வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டு மகளைக் கூப்பிட்டார். நிலா இறங்கி வந்தாள். பின்னால் நின்று பார்த்தாள். ஒன்றுமில்லை. அக்காவின் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாயருகே பிடித்துப் பார்த்தாள். லேசாகப் பழுப்பு, அவ்வளவுதான்.

"இட்ஸ் ஆல்மோஸ்ட் நார்மல், அப்பா" என்றாள்.

ஆல்மோஸ்ட் நார்மல்! அதை அவர் கம்பெனியில்கூடப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

கிளம்புகிற நாள் காலையில் வண்டி குளித்து முழுகி நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பானெட்டில் சந்தனம் குங்குமம், ஸ்டியரிங்கில் சந்தனம் குங்குமம். அதோடு விட்டிருக்கலாம். மகளைக் கூட்டிக்கொண்டு போகிற நாளாயிற்றே, வண்டி வயிறாரக் குடித்து ஓடவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வண்டியின் பின்பக்கவாட்டில் இருந்த சின்ன மூடுகதவைத் திறந்து, டீசல் டேங்க் மூடியின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தார்.

"ஏனுங்க, அதுக்குமா பொட்டு?" என்றார் அக்கா.

"அதானே வாயி. வாய்க்கு வெக்காம வேற எதுக்கு வெப்பாங்க?"

"ஓ மை காட், அப்பா" என்று நிலா சிரித்தாள். சிரித்தபடியே முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். முன்சீட்டில்! அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

பெட்டி படுக்கைகளோடு அக்காவும் நானும் என் காரில் பின்னால் போனோம். பழக்க தோஷத்தில் நான் புகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். துளிகூட இல்லை. முன்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒரு தலை ஓயாமல் ஆடி ஆடிப் பேசிக்கொண்டிருந்தது. இன்னொன்று நிமிர்ந்து நேராக இருந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாற்பது மைல் போயிருப்போம். ஒரு மேட்டில் வண்டி இளைத்து, இருமி, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க, டீசல் கொழாய்க்குள்ள காத்துப் புடிச்சிருக்கும்" என்று அண்ணன் பானெட்டைத் திறந்தார். ஃபில்டர் நட்டைத் தளர்த்தி, சின்னக் கைப்பம்பை இழுத்து இழுத்து அடித்தார். கால் மணி நேரம். ஸ்டார்ட் ஆனது. எல்லோரும் கை தட்டினோம்.

டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இளைப்பு, மறுபடியும் ஓரம். இந்தத் தடவை ஃபில்டரையே மாற்றினார். ஒரு தடவைக்கு ஒரு சாமான்தானே! ஸ்டார்ட் ஆனது. யாரும் கை தட்டவில்லை. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலேஜில் மூன்று மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதன்பின் புதுப் பிள்ளைகளை எல்லாம் பஸ்ஸில் ஏற்றி, மூன்று நாள் மலையில் முகாம் போடக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்றாவது தடவை நின்றபோது அண்ணன் பானெட்டைத் திறக்கவில்லை. நேராக மகள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"கண்ணு, நீ மாமா வண்டில போ. நேரமாச்சு."

"ஐ கேன் வெயிட், அப்பா."

"இல்ல சாமி, போ. அம்மாளும் வரட்டும். நான் பின்னாலயே வந்துருவேன்."

"ப்ராமிஸ்?"

"அட, இந்தா வந்துட்டேன், போ."

என் காரில் ஏறியவள் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். ரொம்ப தூரம் போனபிறகு, "அம்மா, சாப்பாட்டுப் பை நம்மகிட்ட இருக்கு. அப்பா என்ன சாப்பிடுவாரு?" என்றாள். தமிழில். 

காலேஜில் எல்லாக் குடும்பமும் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டது. இவள் புளியோதரை டப்பாவைத் திறக்கவே இல்லை, அப்பா வரட்டும் என்று வாசலைப் பார்த்தபடி நின்றாள். பஸ்ஸில் கடைசியாக ஏறியவள் அவள்தான். அன்றைக்குக் கைபேசி எல்லாம் எங்களிடம் ஏது? எங்கே இருக்கிறார் என்று யாரைக் கேட்பது? பஸ் போய் அரைமணி நேரம் இருக்கும். புகையில்லாமல், மூச்சிரைக்காமல், சும்மா பறந்து வந்து நின்றது அண்ணனின் வண்டி.

"எங்க?" என்றார் இறங்கும்போதே.

அக்கா மலைப் பக்கம் கையைக் காட்டினார்.

பிறகுதான் அண்ணன் நடந்த கதையைச் சொன்னார். எடிசனில் போட்ட டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று முடிவுகட்டி, வண்டியை மெல்ல உருட்டி, லாரிகள் நிற்கும் பங்க் ஒன்றுக்குப் போயிருக்கிறார், நல்ல டீசலாக ஊற்றிக்கொள்ள. நியூ ஜெர்சியில் நம் கையால் எண்ணெய் போட்டுக்கொள்ளக் கூடாது, சட்டம். பங்க் பையன்தான் மூடியைத் திறப்பான், அவனே மூடுவான். பென்சில்வேனியாவில் நாமேதான் போட வேண்டும். ஆக, அந்த மூடியை அண்ணன் தன் கையால் திருகியது அன்றைக்குத்தான் முதல் தடவை. திருகியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம்.

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. டீசல் குறையக் குறைய அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காதே, அந்தக் கதைதான். அந்த ஓட்டைமேல் காலையில் வைத்த சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. வழியெல்லாம் அவர் நட்டைத் தளர்த்தியதும் ஃபில்டர் மாற்றியதும் வீண். காத்திருந்த நேரத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது, வண்டி கிளம்பியிருக்கிறது. அதைத் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"புள்ள நல்லாப் போய்ச் சேரோணும்னு வெச்சனுங்க தம்பி" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

புல்வெளியில் உட்காரவைத்து அக்கா புளியோதரையை எடுத்துக் கொடுத்தார். அவள் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்க வேண்டாம், வாய்தவறிச் சொல்லிவிட்டார். அண்ணன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினார்.

திரும்பும்போது அக்கா என் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க அவருகூட வாங்க தம்பி. தனியா விடாதீங்க" என்றார். நான் டீசல் வண்டியின் முன்சீட்டில் ஏறினேன். வண்டி அப்படி ஓடியது. மேடு, பள்ளம், ஒன்றும் அதற்குப் பொருட்டில்லை. அதைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று பார்த்தேன், அவர் காதில் விழவில்லை.

பிறகு நானே கேட்டேன். "காலைல நிலாகிட்டப் பேசினீங்களாண்ணா? பேசறதுக்கு வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே?"

"பேசினனே. இன்ஜெக்டரப் பத்திப் பேசினேன்." ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ நல்லாக் கேட்டுட்டு வந்தாளுங்க. அதுல எனக்குக் குஷியாப் போச்சு. மத்ததெல்லாம் பொறவு சொல்லிக்கலாம், அதான் நாலு மணி நேரம் இருக்குதேன்னு..."

"என்ன சொல்றதா இருந்தீங்க?"

"என்னென்னமோ. இப்ப உங்ககிட்டச் சொன்னா நல்லாருக்காது தம்பி."

 பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த வண்டியை நான் திட்டாத திட்டில்லை. அதன் புகையைக் குடித்தே என் நெஞ்சு கெட்டது. ஆனால் எடிசன் நெருங்க நெருங்க, நிலா இல்லாத அந்தச் சாத்திய அறை இருக்கும் வீட்டுக்கு அல்லவா இவரைக் கொண்டுபோகிறது என்று எனக்கு உறைத்தது. சனியனே, எங்கேயாவது ஓரமாக நின்று தொலையேன், இந்த மனுஷன் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது கேட்கவில்லை. துளிப் புகைகூட விடாமல், ஒரு தடவைகூட இருமாமல், அவரை நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.